கடற்கரை மணலில் குடிநீர் ஊற்று தோண்டுவது எப்படி?

காட்டிலும் கரையிலும் கையை நம்பிப் பிழைக்கப் பழகுகிறவர்கள் முதலில் தீக்கடைகோலைத்தான் தேடுகிறார்கள். இராமநாதபுரம் கடற்கரையில் அது இரண்டாம் பாடம். இந்த வெயிலுக்கு முதலில் வேண்டியது தண்ணீர். 1964 புயலுக்குப் பிறகும் தனுஷ்கோடியில் தங்கிவிட்ட மீனவர்கள் மணலில் ஊற்றுத் தோண்டித்தான் குடித்தார்கள். அதே முறைதான் இது.

அலை ஏறும் இடத்தை விட்டு விலகி, மணல்மேட்டுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தைப் பாருங்கள். பக்கத்தில் பனை நின்றால் நல்லது. அடும்பங்கொடியை நம்ப வேண்டாம், உப்புக்காற்றிலேயே அது தழைக்கும். குடியிருப்பு, இறால் பண்ணை இருக்கும் பக்கமும் வேண்டாம்.

குழியின் வாயை அகலமாக, சரிவாக வெட்டுங்கள். நேராக இறக்கினால் மணல் சரிந்து ஆளை மூடும். இடுப்பளவு போயும் ஈரம் தட்டவில்லையா, இடத்தை மாற்றுங்கள். ஊர் மண்வெட்டியே போதும். மடக்கு மண்வெட்டிக்குக் காசைக் கொட்டுவது வீண், அதன் திருகெல்லாம் உப்பில் துருப்பிடித்துவிடும்.

கவனம் வேண்டியது இனிமேல்தான். நீர் கசிந்ததும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிடுங்கள். ஒரு லிட்டர் கடல்நீர் ஏறக்குறைய 1.025 கிலோ, நல்ல தண்ணீர் அதைவிட இலேசு. அதனால் மழைநீர் மணலுக்குள் உப்புநீரின் மேலே நிற்கிறது. இன்னும் கொஞ்சம் தோண்டினால் நிறையக் கிடைக்கும் என்று ஆசைப்பட்டால் அடியில் இருக்கும் உப்புநீர் மேலே ஏறிவிடும். அவசரமாக இறைத்தாலும் அதே கதிதான். ஒரு சாண் நீர் போதும். முதலில் வரும் கலங்கலை இரண்டு மூன்று முறை இறைத்துக் கொட்டிவிட்டு, ஊற விட்டு, சிரட்டையால் மேலாக மொள்ளுங்கள். நுனிநாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் இன்னும் உள்ளே தள்ளி வேறு குழிதான். காய்ச்சினால் உப்பு போகாது.

கரிக்காத தண்ணீரையும் துணியில் வடிகட்டி, தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க விடுங்கள். காய்ந்த பன்னாடை சட்டென்று பற்றும், சீமைக்கருவேலச் சுள்ளி நின்று எரியும். அப்புறம், பிளாஸ்டிக் தாளை விரித்து வெயிலில் நீர் வடிக்கும் வீடியோக்களை நம்பி இறங்காதீர்கள். சிந்தும் வியர்வைக்கே அது ஈடாகாது.

பின்சேர்க்கை: தீவுகளில் போய்ப் பழகலாமா என்று சிலர் கேட்டார்கள். கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. அனுமதியில்லாமல் கால் வைக்க முடியாது. ஆடியில் தோண்டி நீரே வரவில்லை என்று ஒருவர் சொன்னார். கோடையில் நீர்மட்டம் இறங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து தை, மாசியில் தொடங்குங்கள். கிளம்பும்போது குழியை மூடிவிடுங்கள், மேய வரும் ஆடு விழுந்துவிடும்.