குழந்தைக்கான ஜீவனாம்சமும் பாதுகாவலும்: எங்கே, எப்படி மனுச் செய்வது

கணவனும் மனைவியும் பிரிந்து வாழத் தொடங்கியதும், விவாகரத்து வழக்கு முடியும்வரை குழந்தைக்காக எதுவும் கேட்க முடியாது என்று பலர் நினைத்துக் காத்திருக்கிறார்கள். அது தவறு. விவாகரத்து கேட்காமலேயே குழந்தையின் ஜீவனாம்சத்துக்கு மனுச் செய்யலாம்; குழந்தை யாரிடம் வளர்வது என்ற பாதுகாவலுக்கும் அப்படியே.

முதலில் ஜீவனாம்ச மனுவைப் போடுவதே நல்லது என்பது என் கருத்து. ஜீவனாம்சத்துக்கு வழிசெய்யும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தின் 144-ஆம் பிரிவாக இருக்கிறது. இப்பிரிவு எல்லா மதத்தினருக்கும் பொதுவானது. பெற்றோரின் திருமணம் சட்டப்படி செல்லாது என்றாலும் குழந்தையின் உரிமை குறைவதில்லை. முஸ்லிம் தந்தைக்கும் இக்கடமை உண்டு என்பதை 1997-இல் நூர் சபா காத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. குடும்ப நல நீதிமன்றம் உள்ள இடங்களில் அங்கும், இல்லாத இடங்களில் நடுவர் (மாஜிஸ்ட்ரேட்) நீதிமன்றத்திலும் மனுச் செய்ய வேண்டும். மனைவி இப்போது வசிக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம் என்பதால், தாய்வீட்டுக்கு வந்துவிட்டவர் கணவனின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

மனுவின் வலு ஆவணங்களில்தான் இருக்கிறது. குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிக் கட்டண ரசீதுகள், மருத்துவச் செலவுச் சீட்டுகள், வாடகை விவரம், எதிர்த்தரப்பினரின் வேலை, சொத்து பற்றித் தெரிந்த தகவல்கள் ஆகியவற்றை முன்கூட்டியே திரட்டுங்கள். 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், இரு தரப்பினரும் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றும், மனுச் செய்த நாளிலிருந்தே ஜீவனாம்சம் வழங்கப்பட வேண்டும் என்றும் கூறியது. உங்கள் சொந்த வருமானத்தையும் மறைக்காதீர்கள். குறுக்கு விசாரணையில் அது வெளிப்பட்டால் மற்ற உண்மைகளையும் நீதிமன்றம் ஐயத்தோடு பார்க்கும். இடைக்கால ஜீவனாம்சத்தை மனுவோடு சேர்த்தே கேளுங்கள்; எதிர்த்தரப்பினருக்கு அறிவிப்பு சேர்ப்பிக்கப்பட்ட நாளிலிருந்து இயன்றவரை 60 நாட்களுக்குள் அதை முடிவு செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

பாதுகாவலில் மதச் சட்டங்கள் வேறுபடுகின்றன. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டப்படி, ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்கும். முஸ்லிம்களின் ஹனஃபி சட்ட மரபில் மகன் ஏழு வயது வரையிலும் மகள் பருவமெய்தும் வரையிலும் தாயிடம் இருப்பார்கள். கிறிஸ்தவர்கள், 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டத்தின் கீழ் நடக்கும் வழக்கிலேயே குழந்தைக்கான உத்தரவைக் கேட்கலாம். யாராயினும் 1890-ஆம் ஆண்டின் காப்பாளர்கள் சட்டப்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்தின் நீதிமன்றத்தை அணுகலாம். இவ்வளவு வேறுபாடுகள் இருந்தும், நீதிபதி இறுதியில் எடைபோடுவது குழந்தையின் நலனைத்தான். ஆகவே மனுவில் துணைவரின் குற்றங்களை அடுக்குவதைவிட, குழந்தையை நாள்தோறும் பள்ளிக்கு அனுப்புவது யார், நோயுற்றால் உடனிருப்பது யார் என்பதை எழுதுங்கள். விவரம் தெரிந்த வயதுக் குழந்தையின் விருப்பத்தையும் நீதிபதி கேட்கலாம். அதற்காக ஒருபோதும் சொல்லிக்கொடுத்து அழைத்துச் செல்லாதீர்கள்.

வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத பெண்கள், வருமான வரம்பின்றி, வட்ட சட்டப் பணிகள் குழுவில் இலவச உதவி பெறலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

உத்தரவு வந்தும் பணம் வரவில்லையென்றால், தொகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் நிறைவேற்று மனு தாக்கல் செய்யுங்கள். நீதிமன்றம் நிலுவைத் தொகையை வசூலிக்க ஆணை (வாரண்ட்) பிறப்பிக்கவும், ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கவும் முடியும். பணம் தரவில்லை என்பதற்காகக் குழந்தையைப் பார்க்க விடாமல் தாமாகத் தடுக்க வேண்டாம். அதற்கும் நீதிமன்றத்திடமே உத்தரவு கேளுங்கள்.