டிவி ஸ்டாண்டுக்குள்ளேயே ஸ்பீக்கர்: முதல்முறை ரம்பம் பிடிப்பவர்களுக்கு

எங்கள் வீட்டில் ரிமோட் எப்போதும் அப்பா கையில்தான் இருக்கும். செய்தி ஓடும்போது சத்தத்தை 40-க்கு ஏற்றுவார். நடுவில் விளம்பரம் வந்தால் கீழ்வீட்டுக்காரர் வரைக்கும் கேட்கும். "உங்களுக்குக் காது போயிடுச்சு" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருநாள் டிவியின் பின்னால் எட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. இந்தக் காலத்து டிவி தோசைக்கல் கனம்தான் இருக்கிறது. அதற்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கர்கள் தரையைப் பார்த்தோ சுவரைப் பார்த்தோதான் பேசுகின்றன, நம்மைப் பார்த்துப் பேசுவதே இல்லை.

சவுண்ட்பார் வாங்கியிருக்கலாம். ஆனால் பழைய ஸ்டாண்டின் அடிப்பகுதி தினமும் மாப் போட்ட தண்ணீரைக் குடித்து அப்பளமாகப் பொரிந்திருந்தது. எப்படியும் ஸ்டாண்டை மாற்ற வேண்டும் என்பதால் இரண்டையும் ஒன்றாகவே செய்துவிட்டேன். ட்ரில்லிங் மெஷினைக் கையில் பிடிக்கத் தெரிந்தால் போதும், இரண்டு சனி ஞாயிறில் முடிகிற வேலை இது.

அளவு

கீழே உள்ளது 43 இன்ச் டிவிக்கான கணக்கு. அந்த டிவித் திரையின் அகலம் சுமார் 95 செ.மீ. ஸ்டாண்டை 120 செ.மீ. அகலத்தில் செய்தால் இரண்டு பக்கமும் இடம் மிஞ்சும். 18 எம்எம் பிளைவுட்டில் வெட்ட வேண்டியவை:

- மேல் பலகை, கீழ்ப் பலகை: 1200 × 350 எம்எம், 2
- நிற்கும் பலகைகள்: 350 × 282 எம்எம், 4
- ஸ்பீக்கர் அறையின் முன்பலகை: 282 × 150 எம்எம், 2
- ஸ்பீக்கர் அறையின் பின்பலகை: 282 × 150 எம்எம், 2

4-க்கு 4 அடித் துண்டு ஒன்றிலேயே இவ்வளவும் அடங்கும். இரண்டு ஓரத்திலும் 150 எம்எம் அகலத்தில் ஸ்பீக்கர் அறைகள். நடுவில் 828 எம்எம் திறந்த இடம், செட்டாப் பாக்ஸுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும். பெட்டியின் உயரம் 318. அதற்குக் கீழே 150 எம்எம் கால்கள். உயரத்தைக் குறைக்க ஆசைப்பட்டுக் காலை மட்டும் வெட்டிவிடாதீர்கள். துடைப்பமும் மாப்பும் அடியில் தாராளமாகப் போய்வர வேண்டும். பிளைவுட்டின் ஓரம் தரையைத் தொடவே கூடாது. என் பழைய ஸ்டாண்ட் அப்படித்தான் கெட்டது.

எந்தப் பலகை?

மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு இரண்டையும் வேண்டாம் என்பேன். வெளிநாட்டு வீடியோக்களில் எம்டிஎஃப்பைத்தான் புகழ்வார்கள், ஸ்பீக்கர் பெட்டிக்கு அது நல்ல பொருள்தான். ஆனால் சென்னையின் ஈரக்காற்றில் ஓரத்தைச் சரியாக மூடாத எம்டிஎஃப் சீக்கிரமே உப்பிவிடும். கடையில் 'எம்ஆர்' என்று காட்டுவது சாதாரண கமர்ஷியல் ரகம். அதைவிட ஒருபடி மேலான, கொதிநீரையும் தாங்கும் 'பிடபிள்யூஆர்' கேளுங்கள். பலகையில் ஐஎஸ் 303 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மரைன் ரகத்துக்கு ஐஎஸ் 710. ஹாலில் வைக்கும் ஸ்டாண்டுக்கு அது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் தரைத்தளத்தில் குடியிருந்து 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் வாங்கினால் நான் குறை சொல்ல மாட்டேன்.

வெட்டுவதைக் கடையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். சைடனாம்ஸ் சாலைப் பக்கம் ஒரு கடையில் என் காகிதத்தை வாங்கிப் பார்த்த கட்டிங் அண்ணன் முதலில் கேட்டது இதுதான்: "சார், பிளேடு மூணு எம்எம் துன்னும். அதையும் சேத்துதான் கணக்கு போட்டியா?" நான் போட்டிருக்கவில்லை. 1220-இல் இருந்து 350, 350, 350, 150 என்று கழித்தால் 20 எம்எம் மிச்சம் என்று நிம்மதியாக இருந்தேன். நான்கு வெட்டுக்கு 12 எம்எம் பிளேடுக்கே போய்விடும், மிஞ்சுவது 8. என் நல்ல நேரம், எடுத்துப்போன அளவு தப்பித்தது. நீங்கள் அளவை மாற்றுவதாக இருந்தால் வெட்டுக்கு 3 எம்எம் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

ரிச்சி ஸ்ட்ரீட் பட்டியல்

எலக்ட்ரானிக்ஸ் சாமான்களுக்கு சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்தான். பெரம்பூரில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் அடுத்த ஸ்டேஷன் அரசினர் தோட்டம். இறங்கினால் நடக்கிற தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

வாங்க வேண்டியவை: 8 ஓம், 4 இன்ச் ஃபுல்ரேஞ்ச் ஸ்பீக்கர் (கனமான சத்தம், கீச்சுச் சத்தம் இரண்டையும் ஒன்றே தருவது) இரண்டு. டிபிஏ3116 சிப் வைத்த ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் போர்டு ஒன்று, வால்யூம் குமிழுடன். ஸ்பீக்கர் வயர் 4 மீட்டர். ஒரு முனையில் 3.5 எம்எம் ஜாக் உள்ள ஆடியோ வயர். ஸ்பீக்கரைக் காக்க இரும்பு வலை இரண்டு.

பவர் சப்ளை வாங்க வேண்டாம், பரணில் தேடுங்கள். செத்துப்போன லேப்டாப்பின் 19 வோல்ட், 65 வாட் அடாப்டர் கிடைத்தால் யோகம். டிபிஏ3116-க்கு 19 வோல்ட் பொருத்தமானது. 8 ஓம் ஸ்பீக்கரில் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 20 வாட் வரும். ஹாலுக்கு அது தாராளம். அதைவிட முக்கியம், 230 வோல்ட் மின்சாரம் அடாப்டர் டப்பாவுக்குள்ளேயே நின்றுவிடும், நம் கை அதன் பக்கமே போக வேண்டியதில்லை. மூடி இல்லாத எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை சல்லிசாகக் கிடைக்கும். ஆனால் முதல்முறை செய்கிறவருக்கு அது வேண்டாம்.

'1000 வாட் பிஎம்பிஓ' என்று அட்டையில் போட்டிருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். பிஎம்பிஓ-வுக்கு இன்னதுதான் அளவு என்று ஒரு வரையறையே கிடையாது. ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தாங்கும் வாட், எவ்வளவு என்று கேளுங்கள். 15 முதல் 30 வாட் போதும்.

காந்தம் டிவியைக் கெடுத்துவிடுமே என்று அம்மா பயந்தார். 2006-இல் தொடங்கிக் கொடுத்த இலவச கலர் டிவி மாதிரியான குண்டு டிவிகளில் அது உண்மை. ஸ்பீக்கரைப் பக்கத்தில் வைத்தால் திரையின் மூலையில் பச்சையும் ஊதாவுமாகப் படரும். எல்இடி டிவிக்கு அந்தத் தொல்லை இல்லை.

வட்டம் வெட்டுவது

4 இன்ச் என்பது ஸ்பீக்கரின் வெளிவிளிம்பு. ஓட்டை அதைவிடச் சிறியது. விளிம்புக்குப் பின்னால் உள்ள கூடையின் விட்டத்தை அளந்து 2 எம்எம் கூட்டிக்கொள்ளுங்கள். எனக்கு 93 எம்எம் வந்தது. முன்பலகையின் நடுவில் ஒரு சின்ன ஆணி, அதில் நூல், நூலின் மறுமுனையில் பென்சில். வட்டம் போட இவ்வளவு போதும். கோட்டின் மேல் மாஸ்கிங் டேப்பை ஒட்டிவிட்டு வெட்டினால் பிளைவுட் மேல்தோல் சிம்பு சிம்பாகப் பெயராது.

வட்டத்துக்கு உட்பக்கமாக, கோட்டைத் தொட்டாற்போல 10 எம்எம் துளை ஒன்று போட்டு, ஜிக்சா (வளைத்து வெட்டும் சின்ன மின்ரம்பம்) பிளேடை அதற்குள் இறக்குங்கள். மெஷினைத் தள்ளாதீர்கள், அது போகும் வேகத்தில் போகட்டும். அவசரப்பட்டால் மேலே கோட்டிலும் அடியில் ஐந்து எம்எம் தள்ளியும் வெட்டிவைக்கும். கொஞ்சம் கோணினாலும் கவலை வேண்டாம், ஸ்பீக்கரின் விளிம்பு மறைத்துவிடும். உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான்.

கூடு கட்டுவது

கீழ்ப் பலகையில் நான்கு நிற்கும் பலகைகளின் இடத்தையும் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சேர்மானத்திலும் பெவிக்கால் தடவி, 40 எம்எம் ஸ்க்ரூ மூன்று. ஸ்க்ரூவுக்கு முன் 3 எம்எம் பிட்டால் துளை போட்டே ஆக வேண்டும். போடாவிட்டால் பிளைவுட்டின் ஓரம் அடுக்கடுக்காகப் பிளக்கும். மேல் பலகையையும் வைத்துத் திருகிய உடனே, பசை காய்வதற்குள், முன்பக்கம் மூலைக்கு மூலை டேப் பிடித்துப் பாருங்கள். இரண்டு குறுக்கு அளவும் 1241 எம்எம் அருகில் ஒரேமாதிரி வர வேண்டும். ஒன்று நீளமாக இருந்தால் அந்த மூலைகளைப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்குங்கள்.

அடுத்து, ஸ்பீக்கர் அறைகள். இந்த வேலையில் கெட்டுப்போகக்கூடிய இடம் இது ஒன்றுதான். என் முதல் முயற்சியில் பின்பக்கத்தை மூடாமல் விட்டேன், காற்றோட்டமாக இருக்கட்டும் என்று. பாட்டு போட்டால் தவில் இருக்கிறது, அடி இல்லை. தகரத்தில் தட்டுவது போல ஒரு சத்தம். ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போதே பின்னால் இழுக்கிறது. பின்னால் கிளம்பும் அலை சுற்றிக்கொண்டு முன்னால் வந்தால், கனமான சத்தத்தை இரண்டும் அடித்துக்கொண்டு அழித்துவிடும். அதனால் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக, காற்றுப் புகாத அறை வேண்டும்.

அறையின் உள்சுற்றில் 18 எம்எம் ரீப்பர் மரச்சட்டங்களைப் பசை போட்டு அடித்து, அதன்மேல் முன்பலகையைப் பொருத்துங்கள். ஸ்டாண்டின் முகப்பிலிருந்து 10 எம்எம் உள்வாங்கியிருந்தால் வலைக்கு இடம் கிடைக்கும். வலையை அலட்சியம் செய்யாதீர்கள். பக்கத்து வீட்டுக் குட்டிப்பையன் வந்த அரைமணி நேரத்தில் ஸ்பீக்கரின் நடுக்குமிழை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டான்.

உள்மூலைகள் எல்லாவற்றிலும் சிலிகான் சீலன்ட்டை விரலால் இழுத்து அப்புங்கள். வயர் வெளியே வரும் துளையையும் அதாலேயே அடையுங்கள். தலையணைக்குப் போடும் பாலியஸ்டர் பஞ்சைப் பிய்த்துத் தளர்வாக நிரப்புங்கள், திணிக்க வேண்டாம். பின்பலகைக்கு மட்டும் பசை கூடாது. கதவிடுக்கில் ஒட்டும் ஃபோம் டேப்பை ரீப்பரின் மேல் ஒட்டி, பலகையை ஸ்க்ரூவால் மூடினால் நாளைக்குத் திறக்கலாம். எல்லாம் போக ஒவ்வொரு அறையிலும் சுமார் 12 லிட்டர் காற்று இருக்கும். தண்ணீர் கேனில் பாதிக்குச் சற்று மேல். 4 இன்ச் ஸ்பீக்கருக்கு இது தாராளம்.

குழாய் வைத்து ஓட்டை விடும் 'போர்ட்' பெட்டிகளில் பேஸ் கூடும் என்பார்கள். கணக்குச் சரியாக இருந்தால் கூடும்தான். ஆனால் நம் ஊரில் அந்தக் குழாய்க்குள் ஒரு மாதத்தில் கரப்பான்பூச்சி குடியேறும், அதைத் தேடிப் பல்லி வரும். மூடிய பெட்டியே நல்லது.

வயரிங்

ஸ்பீக்கரில் எது பிளஸ் என்று குறியில்லாவிட்டால் ஒரு பென்சில் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே துள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்டிருக்கும் முனைதான் பிளஸ். இரண்டு ஸ்பீக்கரும் ஒரேமாதிரி இணைந்திருக்க வேண்டும். ஒன்று தலைகீழானால் பேஸ் காணாமல் போகும். பேசுகிறவரின் குரல் திரையின் நடுவிலிருந்து வராமல் அறையெங்கும் அலையும்.

ஆம்ப்ளிஃபையர் போர்டை நடு அறையின் ஓரமாக, அடியில் 10 எம்எம் ஸ்பேசர் கொடுத்துத் திருகுங்கள். அடாப்டரின் முனை போர்டில் பொருந்தாவிட்டால் அதற்கேற்ற கனெக்டர் மாற்றியை வாங்கிக்கொள்ளலாம். செருகும் முன் போர்டில் எழுதியிருக்கும் அதிகபட்ச வோல்ட்டைப் பாருங்கள், 19-க்கு மேல் இருக்க வேண்டும்.

டிவியிலிருந்து சத்தம் எடுக்க எளிய வழி ஹெட்போன் ஓட்டை. டிவி ரிமோட்டாலேயே சத்தத்தைக் கூட்டலாம் குறைக்கலாம். எங்கள் வீட்டில் அப்பா இரண்டாவது ரிமோட்டைத் தொடமாட்டார் என்பதால் எனக்கு இதுதான் ஒத்துவந்தது. ஹெட்போன் ஓட்டை இல்லாத டிவி என்றால் ஆப்டிகல் வழியில் ஒரு சின்ன கன்வெர்ட்டர் டப்பா போட வேண்டும். பல டிவிகளில் அந்த வழியின் சத்த அளவு ரிமோட்டுக்கு அசையாது, குமிழைத்தான் திருக வேண்டும். ப்ளூடூத் வேண்டாம். வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் என்று ஆகும்.

குமிழைப் பாதியில் வைத்துவிட்டு, டிவி சத்தத்தைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். 'உம்ம்' என்று ஒரு இரைச்சல் விடாமல் வந்தால் செட்டாப் பாக்ஸின் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் அது கிரவுண்ட் லூப், அதாவது எர்த் வழியே சுற்றிவரும் இரைச்சல். ஆடியோ வயரின் நடுவே ஐசொலேட்டர் ஒன்று போட்டால் தீரும்.

ஊதுபத்தி சோதனை

ஃபேனை நிறுத்திவிட்டு, தவிலோ டிரம்ஸோ அதிரும் பாட்டு ஒன்றைப் போடுங்கள். கொளுத்திய ஊதுபத்தியை அறையின் சேர்மானங்களை ஒட்டி மெதுவாக நகர்த்துங்கள். புகை நூல் நேராக ஏறினால் சரி. ஒவ்வொரு அடிக்கும் ஓரிடத்தில் புகை விலகித் துடித்தால் அங்கே காற்று கசிகிறது. எனக்கு வலப்பக்கப் பின்பலகையின் கீழ் மூலையில் துடித்தது, ஃபோம் டேப் அரை இன்ச் குறைச்சலாக ஒட்டியிருந்தேன். சோதிக்கும்போது ஊதுபத்தியைக் கூம்புக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், காகிதம் அது.

பெயின்ட் உங்கள் விருப்பம். பிரைமர் ஒரு கை, எனாமல் இரண்டு கை. மேலே மட்டும் மைக்கா ஒட்டினால் துடைக்கச் சுலபம். வெட்டிய ஓரங்களில் பெயின்ட்டைச் சிக்கனம் பிடிக்காதீர்கள். கால்களின் அடியில் ரப்பர் புஷ், டிவியின் காலடியிலும் ரப்பர் துண்டு.

இப்போது செய்தி 14-இல் ஓடுகிறது. ஒரு மாதம் கழித்து 'கிர்ர்' என்று புதிதாக ஒரு சத்தம் கேட்டால் ஆம்ப்ளிஃபையரைச் சந்தேகிக்காமல் முதலில் ஸ்க்ரூக்களை முடுக்குங்கள். எனக்கு இடப்பக்க ஸ்பீக்கரின் ஒரு ஸ்க்ரூ இரண்டு சுற்று தளர்ந்திருந்தது. முடுக்கியும் போகாவிட்டால், செட்டாப் பாக்ஸின் மேல் யாராவது சில்லறையை வைத்திருப்பார்கள்.