உணவுப் பரிசோதனைக் கூட வேதியியலாளர் வேலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உணவுப் பரிசோதனைக் கூடத்தில் புதிதாகச் சேரும் வேதியியல் பட்டதாரிகள் பலருக்கு எல்சி-எம்எஸ் (கலவையைப் பிரித்து, அதிலுள்ள பொருட்களை நிறையை வைத்து அடையாளம் கண்டு அளக்கும் கருவி) மாதிரியான பெரிய கருவியில் எப்போது உட்காரலாம் என்பதிலேயே கண். ஆசை நியாயமானதுதான். ஆனால் கருவியை இயக்கத் தெரிந்தால் வேலை தெரிந்துவிட்டது என்று நினைப்பதிலிருந்துதான் மற்ற தவறுகள் கிளைக்கின்றன. அறிக்கையில் போகும் எண்ணின் தலையெழுத்து பெரும்பாலும் கருவிக்கு முன்போ பின்போ தீர்மானமாகிவிடுகிறது.

மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். நிலக்கடலையில் அஃப்ளடாக்சின் நச்சு எல்லாப் பருப்பிலும் சமமாக இருக்காது. பூஞ்சை பிடித்த சில பருப்புகளில் குவிந்திருக்கும், பக்கத்துப் பருப்பில் துளிகூட இருக்காது. மூட்டையின் மேலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி அரைத்தால் ஒன்று 'சுத்தம்' என்று வரும், இல்லாவிட்டால் தாறுமாறாக ஏறி நிற்கும். இரண்டுமே அந்த மூட்டையைப் பற்றிய உண்மை இல்லை. பல இடங்களிலிருந்து எடுத்து, மொத்தத்தையும் நைசாக அரைத்துக் கலந்து, அதிலிருந்துதான் சோதனைக்கான சில கிராமை எடை போட வேண்டும். அரைப்பது உதவியாளர் வேலை என்று அந்தப் பக்கமே போகாதவர், தன் கையெழுத்து எதன்மேல் நிற்கிறது என்று பார்க்காதவர்.

செய்முறையை மனப்பாடம் செய்துவிட்டு, அது எதை அளக்கிறது என்று கேட்காமல் இருப்பது அடுத்த தவறு. 1883-இல் வந்த கெல்டால் முறை புரதத்தை அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து, பாலுக்கு 6.38 ஆல் பெருக்கி, அதைப் புரதம் என்று கணக்கிடுகிறது. பிளாஸ்டிக் தயாரிப்பில் பயன்படும் மெலமைன் என்ற வேதிப்பொருளின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். தண்ணீர் கலந்த பாலில் அதைப் போட்டால் புரத அளவு குறையாதது போலவே காட்டும். 2008-இல் சீனாவில் வெளிப்பட்ட பால்பொடி விவகாரத்தில் சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், ஆறு குழந்தைகள் இறந்தார்கள். சோதனையில் கிடைத்த நைட்ரஜன் எண்ணில் தவறே இல்லை.

அளவு தெரிந்த கரைசல்களை ஓட்டி வரையும் அளவுகோட்டின் ஆர்-ஸ்கொயர் (புள்ளிகள் கோட்டோடு எவ்வளவு பொருந்துகின்றன என்ற எண்; 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.999 வந்துவிட்டால் எல்லாம் சரி என்று நிம்மதியாவதும் ஆபத்து. சுத்தமான கரைப்பானில் போட்ட கோடு அது. கீரைச் சாற்றிலோ மசாலாப் பொடியிலோ கூட வரும் பொருட்கள் எம்எஸ் கருவியின் சிக்னலை அமுக்கிவிடலாம். அதனால் அதே வகை உணவில் தெரிந்த அளவு பூச்சிக்கொல்லியைச் சேர்த்து, எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். சராசரி மீட்பு 70 முதல் 120 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல். பிளாங்க் (தேடும் பொருள் இல்லாத வெற்று மாதிரி) ஓட்டுவதையும் இதையும் அவசரத்தில் விட்டுவிட்டால், பிறகு அந்த முடிவுக்காக வாதாட உங்கள் கையில் எதுவும் இருக்காது.

'கண்டறியப்படவில்லை' என்று மட்டும் எழுதி, எந்த அளவுக்குக் கீழே என்று போடாமல் விடுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி, வேலைக்கே உலை வைக்கும் தவறு. முடிவு வரம்பை ஒட்டி நிற்கிறது, வாடிக்கையாளர் அவசரப்படுத்துகிறார். கருவி வரையும் பீக்கின் (பொருளின் அளவைக் காட்டும் மேட்டின்) அடிக்கோட்டைக் கையால் கொஞ்சம் நகர்த்தினால் 'தேர்ச்சி' ஆகிவிடும். தயவுசெய்து செய்யாதீர்கள். கையால் திருத்துவதே குற்றம் என்று சொல்லவில்லை. சில சமயம் அது தேவைதான். ஆனால் காரணம், தேதி, கையொப்பம் மூன்றும் இருக்க வேண்டும், ஸ்டாண்டர்டுக்கும் (அளவு தெரிந்த கரைசல்) மாதிரிக்கும் ஒரே விதி இருக்க வேண்டும். குறிப்பேட்டில் தவறாக எழுதியதை ஒற்றைக் கோடு போட்டு அடியுங்கள், பழைய எண் படிக்கும்படி இருக்கட்டும். பரிசோதனைக் கூடங்களுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 17025-இன் தணிக்கையாளர் கேட்பதும் இந்தத் தடத்தைத்தான்.

அப்புறம், கூடத்தின் திறனைச் சோதிக்க வெளி அமைப்பு அனுப்பும் திறன் சோதனை மாதிரி வந்தால் மட்டும் மூத்தவரைக் கூப்பிட்டு, ஐந்தாறு முறை ஓட்டி, சராசரி போட்டு அனுப்பும் வழக்கம் சில கூடங்களில் உண்டு. இசட் மதிப்பெண் (ஏற்கப்பட்ட மதிப்பிலிருந்து உங்கள் முடிவு எவ்வளவு விலகியது என்ற அளவு) 2-க்குள் அழகாக வந்துவிடும். ஆனால் அன்றாட மாதிரிகள் எந்தத் தரத்தில் போகின்றன என்பது அதில் தெரியாது. வழக்கமாகச் செய்பவரே வழக்கம்போல் செய்யட்டும். மதிப்பெண் 3-ஐத் தாண்டினால் காரணத்தைத் தோண்டி எழுதுங்கள். வேலை மாறும்போது நேர்காணலில் இயக்கிய கருவிகளை வரிசையாக அடுக்குவதைவிட, அப்படி ஒரு தவறான முடிவை எங்கே தேடிப் பிடித்தீர்கள் என்று விளக்கினால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.