வாலுத் தோழிக்கு ஒரு நினைவு மாலை

இறந்தபிறகு எல்லோருக்கும் ஒரே குணம் வந்துவிடுகிறது: "தங்கமான மனுஷி, யார் மனசையும் நோகடிச்சதில்லை." மதில் ஏறிக் குதித்தவள், டீச்சருக்குப் பட்டப்பெயர் வைத்தவள், கல்லி கிரிக்கெட்டில் பையன்களோடு மல்லுக்கு நின்றவள் அந்தப் பேச்சில் காணாமல் போய்விடுவாள். பழைய பள்ளித் தோழிகள் பத்துப் பதினைந்து பேர் மும்பையில் கூடி அவளை அவளாகவே நினைக்க வேண்டுமென்றால், கொஞ்சம் முன்வேலை இருக்கிறது.

காரியம் முடிந்து ஒரு மாதமாவது போகட்டும். ஞாயிறுதான் எல்லோருக்கும் தோது. ஆனால் தண்டவாளப் பராமரிப்புக்காக லோக்கல் ரயில்களை நிறுத்தியோ திருப்பியோ விடும் மெகா பிளாக் அன்று வழக்கமாகக் காலை 11 மணி வாக்கில் தொடங்கி மாலை 4 மணி வரை இழுக்கும். ஐந்தரைக்கு வையுங்கள். மாட்டுங்காவில் என்றால் எந்த ஸ்டேஷன் என்று எழுதிவிடுங்கள்: சென்ட்ரல் லைனில் மாட்டுங்கா, வெஸ்டர்ன் லைனில் மாட்டுங்கா ரோடு, ஹார்பர் லைனில் கிங்ஸ் சர்க்கிள். ஃபாஸ்ட் ரயில் மாட்டுங்காவில் நிற்காது. டோம்பிவிலியிலிருந்து அதில் வருகிறவர்கள் குர்லாவிலோ தாதரிலோ இறங்கி, எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் ஸ்லோவுக்கு மாற வேண்டும்.

அவள் வீட்டாருக்கு நன்கு தெரிந்த ஒருத்தி மட்டும் முதலில் போன் செய்யட்டும். வருகிறீர்களா, எதைப் பேச வேண்டாம் என்ற இரண்டே கேள்விகள். பழைய காதல் கதையைக் கணவர் முன்னால் யாராவது அவிழ்த்துவிட்டுப் பிறகு தலையில் அடித்துக்கொள்வதில் பயனில்லை.

அடுத்து, கதை சேகரிப்பு. "அவளைப் பத்தி ஏதாவது சொல்லு" என்று கேட்டால் "நல்ல பொண்ணு" என்றுதான் பதில் வரும். கேள்வி சின்னதாக, குறியாக இருக்க வேண்டும். எங்கே மாட்டிக்கொண்டாள்? மாட்டியதும் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்ன? யார் டிபனைப் பிடுங்கித் தின்பாள்? திட்டு வாங்கும்போது கை எங்கே இருக்கும்? இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் பலருக்கும் சட்டென்று சிரிப்பு வரும். பாவாடை நுனியை முறுக்கிக்கொண்டே உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியது ஞாபகம் வரும். ஒரு நிமிட வாய்ஸ் நோட்டாக வாங்குங்கள், எழுதச் சொன்னால் பாதிப் பேர் அனுப்பமாட்டார்கள். ஒரே சம்பவத்தை இருவர் இரண்டு விதமாகச் சொன்னால் திருத்தாதீர்கள், இரண்டும் இருக்கட்டும்.

போட்டோ விஷயத்தில்தான் சேதம் அதிகம். மும்பை மழைக்கால ஈரத்தில் பழைய ஆல்பத்தின் பசைத்தாளோடு படம் ஒட்டிப்போயிருக்கும். பிய்த்தால் முகம் தாளோடு போய்விடும். பல் இடுக்கில் விடும் ஃப்ளாஸ் நூலைப் படத்தின் அடியில் மெல்ல அறுப்பதுபோல் இழுங்கள். ஃப்ரேம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் தொடவே வேண்டாம், கண்ணாடியோடு படம் எடுங்கள். போஸ்ட்கார்டு அளவுக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), பாஸ்போர்ட் அளவுக்கு 1200 டிபிஐ ஸ்கேன் போதும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் முன்பக்கம் தடம் விழும், மென்மையான பென்சிலே நல்லது.

கையேடு போடுவதானால் ஏ4 தாளை மடித்த அளவு கச்சிதம். நான்கு தாளுக்கு 16 பக்கம். பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும், இல்லாவிட்டால் கடைசியில் வெள்ளைப் பக்கம் நிற்கும். ஜெராக்ஸ் கடைக்கு வேர்ட் கோப்பைக் கொடுக்காதீர்கள். தமிழ் எழுத்துரு இல்லாத கணினியில் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள்.

அன்று மாலை பேச ஆறேழு பேர் போதும், ஆளுக்கு மூன்று நிமிடம். முதலிலேயே பெரிய சிரிப்புக் கதையை வைத்தால் எடுபடாது, வந்தவர்கள் இன்னும் அழுகையில் இருப்பார்கள். அதை மூன்றாவதாக வையுங்கள். பெரிய ஆபத்து வேறு: "எப்படிப் போனா, எந்த டாக்டர்?" என்று தொடங்கினால் ஆஸ்பத்திரிக் கதையே மாலையை விழுங்கிவிடும். விவரம் தெரிந்த ஒருத்தி வாசலிலேயே நின்று, வருகிறவர்களிடம் நாலு வரியில் சொல்லி உள்ளே அனுப்பட்டும். வடாபாவ் கடைசி நேரத்தில் வாங்குங்கள், ஆறினால் ரப்பர்தான்.

பதிவு செய்யும் போனை ஏரோப்ளேன் மோடில், மடித்த துண்டின்மேல் வையுங்கள். மேஜை அதிர்வு விழாது. தலைக்கு மேல் ஃபேன் வேண்டாம்.

அவள் குரல் உங்கள் சாட்டில் இருக்கிறதா என்று இன்றே தேடுங்கள். கிடைத்த வாய்ஸ் நோட்டுகளைச் சாட்டுக்கு வெளியே சேமித்து, வருடமும் சம்பவமும் கோப்பின் பெயரிலேயே இருக்கும்படி மாற்றி, ஒரு பென் டிரைவில் அவள் பிள்ளைகளிடம் கொடுங்கள். அம்மா மதில் ஏறியது அவர்களுக்குத் தெரிந்திருக்காது.