விலை உயர்ந்த பழைய கித்தாரை எஸ்டேட் பட்டணத்திலிருந்து விற்பது எப்படி?

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற ஒரு பட்டணத்தில் மார்ட்டின் டி-28 அக்குஸ்டிக், கிப்சன் லெஸ் பால் எலெக்ட்ரிக் மாதிரியான கித்தாருக்கு உடனே பணம் எண்ணித் தரும் ஆள் கிடைப்பது அரிது. கல்யாண மேடை இசைக்குழுக்காரர்களும் தேவாலயத்தில் வாசிக்கும் இளைஞர்களும் இங்கே இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் பலர் தேடுவது ஆயிரம், இரண்டாயிரம் ரிங்கிட் கித்தார். எட்டாயிரம், பத்தாயிரம் கொடுக்கக்கூடியவர் ஈப்போவிலோ பினாங்கிலோ கோலாலம்பூரிலோ இருக்கிறார். அத்தனை தூரம் வந்து, படத்தில் காட்டாத விரிசலைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டிவருமோ என்பதுதான் அவருடைய பயம். வீட்டிலிருந்தபடியே அந்தப் பயத்தைப் போக்கிவிட்டால் பாதி வியாபாரம் முடிந்தது.

விளம்பரத்துக்கு முன்னால் ஈரத்தைக் கவனியுங்கள். மரக் கித்தாருக்கு ஏற்ற காற்று ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு. நம் பக்கத்து வீடுகளில் குளிர்சாதனம் ஓடாத அறையில் அது பல நேரம் 75, 80ஐத் தொடும். அக்குஸ்டிக்கின் முகப்பான ஸ்ப்ரூஸ் மரப் பலகை ஈரத்தை இழுத்து உப்பும், அதன்மேல் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் அதோடு மேலே எழும், கம்பிகள் விரல்பலகையை விட்டு உயரும். இதைப் பார்த்து அவசரப்பட்டு, பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் துண்டான சேடிலைத் தேய்த்துக் குறைத்துவிடாதீர்கள். வாங்குபவர் அதைக் குளிர்சாதன அறைக்குக் கொண்டுபோனதும் பலகை வற்றிக் கீழே இறங்கும், கம்பிகள் விரல்பலகையில் பதித்த உலோகப் பட்டைகளான பிரெட்டுகளில் உரசி இரையத் தொடங்கும். பழி உங்கள் மேல் விழும்.

கேஸுக்குள் 49 விழுக்காடு என்று குறிக்கப்பட்ட ஈரக்கட்டுப்பாட்டுப் பைகளையோ, துணிப்பையில் கட்டிய அரைக் கிலோ சிலிக்கா ஜெல்லையோ, ஒரு சின்ன ஈரமானியோடு சேர்த்து வையுங்கள். சிலிக்கா மரத்தைத் தொடக்கூடாது. ஈரமானியின் முள் 50க்குப் பக்கத்தில் வந்தபின் சிலிக்காவை எடுத்துவிடுங்கள். அதற்கு மேலும் விட்டால் அளவுக்கு மீறி உலர்ந்து பலகை வெடிக்கும். இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். வெயிலில் வைப்பது, முடி உலர்த்தும் கருவியைக் காட்டுவது இரண்டும் வேண்டாம், சூட்டில் பிரிட்ஜ் பசை இளகிவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைப்பதும் அதே கேடுதான். பூச்சிக்குப் பயந்து கேஸில் அந்துருண்டையோ கற்பூரமோ போடும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கற்பூரம், இத்தகைய கித்தார்களின் மேல் அடித்திருக்கும் நைட்ரோ செல்லுலோஸ் பூச்சை இளக்கக்கூடியது, அந்துருண்டை வாடையோ கேஸை விட்டுப் போகவே போகாது.

உலர்ந்த பிறகு அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 12ஆவது பிரெட்டுக்கு மேல் ஆறாவது கம்பியின் உயரம் அக்குஸ்டிக்கில் 2.4 மில்லிமீட்டரை ஒட்டியும் முதல் கம்பி 1.8ஐ ஒட்டியும் இருந்தால் நல்லது. எலெக்ட்ரிக்கில் ஆறாவது 1.6 முதல் 2 வரை. பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். உள்ளே நுழைந்தால் பிரிட்ஜ் தூக்கியிருக்கிறது என்று அர்த்தம், அதை விளம்பரத்தில் எழுதியாக வேண்டும்.

கிப்சனாக இருந்தால், கழுத்தின் மேல்நுனியில் கம்பிகள் உட்காரும் துண்டான நட்டுக்குப் பின்னால், கழுத்தும் டியூனர்கள் உள்ள தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கும் சேரும் இடத்தை மூன்று முறை பாருங்கள். ஹெட்ஸ்டாக் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதாலும், கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உலோகக் கம்பியான ட்ரஸ் ராடுக்காக அங்கே மரம் குடையப்பட்டிருப்பதாலும் கித்தார் மல்லாக்க விழுந்தால் உடைவது அந்த இடம்தான். அறையை இருட்டாக்கி, மளிகைக் கடையில் கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கை அதன்மேல் பிடியுங்கள். பழைய நைட்ரோ பூச்சு ஒரே சீராக ஒளிரும். நடுவில் ஒரு பட்டை மட்டும் கறுத்தோ வேறு நிறமாகவோ தெரிந்தால் அங்கே யாரோ ஒட்டி, மேலே பூச்சு அடித்திருக்கிறார்கள். உங்களுக்கே தெரியாமல் முந்தைய கைமாற்றத்தில் நடந்திருக்கலாம். நன்றாக ஒட்டப்பட்ட கித்தார் நன்றாகவே ஒலிக்கும், ஆனாலும் விலை பெரிதும் இறங்கும், பல நேரம் பாதிக்குக்கூட. அதை மறைத்து விற்பது ஏமாற்று வேலை. சொல்லி விற்றால் அதற்கென்றே தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

சுத்தம் செய்வதில் கை மீறிப் போகக்கூடாது. சிலிக்கோன் கலந்த பாலிஷ் தொடவே வேண்டாம். பச்சை பிடித்த பிரெட்டுகளை 0000 எஃகுப் பஞ்சால் தேய்க்கலாம், ஆனால் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தப் பிக்கப்புகளை முதலில் ஒட்டுநாடாவால் மூடுங்கள், இல்லாவிட்டால் இரும்புத் தூள் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அக்குஸ்டிக்குள் 9 வோல்ட் பேட்டரி இருந்தால் வெளியே எடுத்துக் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். துருப்பிடித்த திருகுகளைப் புதிதாக மாற்ற வேண்டாம். முன்பு கழற்றி வைத்த அசல் பிக்கப், டியூனர், குமிழ் எதுவானாலும் அலமாரியைத் துழாவித் தேடி எடுத்து வையுங்கள். அசல் கேஸோடும் வாங்கிய ரசீதோடும் வரும் கித்தாருக்குத் தனி மதிப்பு.

சீரியல் எண்ணை நீங்களே படித்துப் பழகுங்கள், வாங்குபவர் கட்டாயம் படிப்பார். 1977 முதல் 2005 வரையிலான பெரும்பாலான கிப்சன்களில் எட்டு இலக்கம் இருக்கும். முதலாவதும் ஐந்தாவதும் சேர்ந்தால் ஆண்டு, நடுவில் உள்ள மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 90327415 என்றால் 1997இன் 32ஆவது நாள், அதாவது பிப்ரவரி 1. மார்ட்டினில் எண், ஒலித்துளைக்குள் தெரியும் கழுத்துக் கட்டையில் குத்தப்பட்டிருக்கும். பொது விளம்பரத்தில் கடைசி இரண்டு இலக்கத்தை மறைத்துவிட்டு, உண்மையாகக் கேட்பவருக்கு முழுவதையும் கொடுங்கள்.

படங்களைக் காலை எட்டு, ஒன்பது மணிக்கு அஞ்சடித் தாழ்வாரத்தில், நேர் வெயில் படாத இடத்தில் எடுங்கள். முன், பின், ஹெட்ஸ்டாக் இருபுறம், நட், கழுத்துச் சேர்க்கை, பிரிட்ஜ், முதல் ஐந்து பிரெட்டுகள் கிட்டத்தில், கேஸ் உள்ளும் புறமும் என்று பதினைந்து, இருபது படம் தேவை. ஒவ்வொரு கீறலுக்கும் பக்கத்தில் ஐந்து சென் நாணயத்தை வைத்து எடுத்தால் அளவு புரியும். ஒரு படத்தில் அன்றைய தேதி எழுதிய துண்டுத்தாள் இருக்கட்டும், திருடிய படம் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. லெஸ் பாலாக இருந்தால் எடையையும் போடுங்கள். 4 கிலோவுக்கும் 4.6 கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மணி நேரம் மேடையில் நிற்பவரின் தோளுக்குத் தெரியும். விளம்பரத்தை மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள், வாங்குபவர் எந்த இனத்தவராகவும் இருக்கலாம்.

விலைக்கு, மற்றவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். இசைக்கருவிகளை விற்கும் ரிவெர்ப் தளத்தில் விற்று முடிந்த விலைகளைப் பார்த்து, கேரோசல் விளம்பரத் தளத்திலும் முகநூல் சந்தையிலும் அதே மாடல் எவ்வளவு நாள் விற்காமல் கிடக்கிறது என்பதையும் கவனியுங்கள். மனதில் ஓர் அடிவிலையை முடிவுசெய்து, அதற்கு மேல் ஏழெட்டு விழுக்காடு கூட்டிப் போடுங்கள். "பிரதர், லாஸ்ட் பிரைஸ்?" என்று மட்டும் கேட்பவருக்கு உடனே இறங்க வேண்டாம், கித்தாரைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்பவரோடு பேரம் பேசுங்கள். கடைக்குக் கொடுத்தால் அவர்கள் 8,000க்கு விற்க நினைக்கும் கித்தாருக்கு வழக்கமாக 4,000, 5,000தான் உங்கள் கைக்கு வரும். அவசரப் பணத் தேவைக்கு அது சரி, மற்றபடி கமிஷனுக்கு விற்றுத் தரச் சொல்வது மேல்.

ஆள் நேரில் வருவதாக இருந்தால் ஈப்போவில் பணம் போடும் இயந்திரம் உள்ள வங்கிக்கு அருகிலோ, ஆம்ப் வைத்திருக்கும் இசைக்கடையிலோ சந்தியுங்கள். ரொக்கம் தந்தால் அங்கேயே இயந்திரத்தில் போடுங்கள், கள்ளநோட்டை அது திருப்பித் தள்ளிவிடும். டுயிட்நவ் என்ற உடனடி வங்கிப் பரிமாற்றம் என்றால் அவருடைய அன்றைய பரிமாற்ற வரம்பைக் கிளம்பும் முன்பே கூட்டி வைக்கச் சொல்லுங்கள். கூட்டிய வரம்பு சில வங்கிகளில் உடனே நடப்புக்கு வராது, எல்லாம் பேசி முடித்துவிட்டு இருவரும் வாசலில் நிற்க நேரும்.

பரிமாற்ற ரசீதின் படம் பணம் ஆகாது. குறுஞ்செய்தியையும் போலியாக அனுப்ப முடியும். உங்கள் வங்கிச் செயலியை நீங்களே திறந்து, இருப்பு கூடியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கேஸைக் கை மாற்றுங்கள். "பணம் பெற இந்த இணைப்பைத் தட்டுங்கள்", "கூரியர்காரர் வருவார், அட்டை எண்ணைப் போடுங்கள்" என்று வந்தால் பேச்சை அதோடு நிறுத்துங்கள். சந்தேகமான வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் தேடிப் பார்க்கலாம். ஏமாந்துவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 997க்கு அழையுங்கள், பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் தடுக்க வேண்டும்.

கூரியரில் அனுப்புவதென்றால் கம்பிகளை முழுக்கக் கழற்றாமல் இரண்டு சுரம் தளர்த்துங்கள். கம்பிக்கும் பிரெட்டுக்கும் நடுவில் அட்டை. கேஸுக்குள் ஹெட்ஸ்டாக்கின் கீழும் பக்கங்களிலும் துணி சுருட்டி அசையாமல் அடைக்க வேண்டும், ஏனென்றால் கேஸ் குத்தி விழும்போது உள்ளே தலை ஆடினால்தான் கழுத்து முறிகிறது. வெளிப்பெட்டியில் எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டர் மெத்தை இருக்கட்டும். 120, 50, 25 சென்டிமீட்டர் பெட்டி உண்மையில் பத்துக் கிலோ இருந்தாலும், கன அளவை 5000ஆல் வகுக்கும் நிறுவனத்தில் அது 30 கிலோவாகக் கணக்காகும். சபா, சரவாக்குக்கு விமானத்தில் போனால் கட்டணம் கையைச் சுடும், அதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். காப்புறுதியை முழு விலைக்கு எடுங்கள். சீரியல் எண்ணில் தொடங்கி ஒட்டுநாடா ஒட்டி முடியும் வரை நிறுத்தாமல் காணொளி எடுத்து வைத்தால், பாகத்தை மாற்றிவிட்டுத் திருப்பி அனுப்ப நினைப்பவர் அதற்கு மேல் பேச முடியாது.

சிங்கப்பூர்க்காரர் கேட்டால் மரத்தைப் பாருங்கள். இந்திய ரோஸ்வுட்டில் செய்து முடித்த இசைக்கருவிக்கு 2019 நவம்பர் 26 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்திலிருந்து விலக்கு உண்டு. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்த விலக்கு இல்லை. மார்ட்டின் டி-28 என்றால் 1969ஐச் சேர்ந்ததாகவோ அதற்கு முந்தையதாகவோ இருந்தால் அந்தக் கேள்வி எழும். அனுமதிப் பத்திரம் இல்லாமல் எல்லை தாண்டினால் கித்தார் பறிமுதல் ஆகலாம்.

கை மாறும்போது மாடல், சீரியல் எண், தேதி, விலை, சொல்லப்பட்ட குறைகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ட்ரஸ் ராட் திருப்பும் சாவியையும் கழற்றி வைத்த அசல் பாகங்களையும் கேஸின் சிறு அறையில் போடுங்கள். கேஸைப் பூட்டும் சாவியை மட்டும் அதனுள் வைக்காமல் வாங்குபவர் கையில் கொடுங்கள், கூரியரில் போவதானால் கேஸைப் பூட்டாமலே அனுப்புங்கள்.