ஹாஸ்கெலில் லிஸ்டுக்குள் இருக்கும் லிஸ்டை இரு பரிமாண அரே ஆக்குவது எப்படி

[[1,2,3],[4,5,6]] என்று லிஸ்டுக்குள் லிஸ்டாக ஒரு கட்டத்தை எழுதிவிடுவது சுலபம். ஆனால் ஆயிரமாவது வரிசையில் ஒரு எண் வேண்டுமென்றால் முதல் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாகத் தாண்டிப் போக வேண்டும். அரேயில் அந்த அலைச்சல் இல்லை, எந்த இடத்தைக் கேட்டாலும் ஒரே நேரம்தான்.

சரி, செய்முறை. டேட்டா.அரே-வை இம்போர்ட் செய்துகொள்ளுங்கள். அதிலுள்ள லிஸ்ட்அரே ஃபங்ஷன் இரண்டு கேட்கும்: எல்லைகள், அப்புறம் ஒரே நீளமான லிஸ்ட். உள் லிஸ்டுகளை கான்கேட் போட்டால் அந்த நீள லிஸ்ட் கிடைத்துவிடும்:

லிஸ்ட்அரே ((0,0),(1,2)) (கான்கேட் கட்டம்)

எல்லையில் எழுதும் கடைசி எண்ணும் கணக்கில் சேரும், அதனால் 2 வரிசைக்கு 1, 3 நெடுவரிசைக்கு 2. இனி அரேயின் பெயர், ஒரு ஆச்சரியக்குறி, (1,0) என்று கேட்டால் 4 வரும்.

இங்கேதான் பலரும் மாட்டுகிறார்கள். லிஸ்ட்அரேக்கு உங்கள் வரிசைகள் எங்கே முடிந்தன என்பது தெரியாது, வந்த எண்களை இடமிருந்து வலமாக நிரப்பிக்கொண்டே போகும். ((0,0),(2,2)) எல்லையோடு [[1,2,3],[4,5],[6,7,8]] கொடுத்துப் பாருங்கள்: 6 மேலே ஏறி (1,2)-இல் உட்காரும், 7 (2,0)-க்கு வரும், (2,2) காலி. கம்பைலர் ஒன்றும் சொல்லாது. காலியான அந்த இடத்தைத் தொடும்போதுதான் புரோகிராம் விழும், தொடாவிட்டால் தப்பான விடையை அமைதியாகக் கொடுத்துவிட்டுப் போகும், அது இன்னும் மோசம். ஆகவே முதல் வரிசையின் நீளத்தை எடுத்து, ஆல் ஃபங்ஷனால் மற்ற எல்லா வரிசைக்கும் அதே நீளமா என்று பார்த்து, இல்லையென்றால் நத்திங் (மதிப்பு எதுவும் இல்லை என்பதற்கான விடை) திருப்புங்கள். ஒரே ஒரு வரிதான், தவறாமல் எழுதுங்கள்.

எனக்கு இது ஃபைலிலிருந்து படிக்கும்போது நடந்தது. விண்டோஸில் சேமித்த ஃபைலை லினக்ஸில் லைன்ஸ் போட்டுப் பிரித்தேன்; ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத கேரேஜ் ரிட்டர்ன் (விண்டோஸ் வரி முடிவில் சேர்க்கும் எழுத்து) ஒட்டிக்கொண்டிருந்தது, கடைசி வரியில் மட்டும் அது இல்லாமல் ஒரு எழுத்து குறைந்தது, ஆகவே அரேயின் கடைசி இடம் காலி. பாதி ராத்திரி வரை தேடினேன். அந்த எழுத்தை ஃபில்டர் போட்டு எடுத்ததும் சரியானது.

இன்னொன்று: இரட்டைச் சாய்வுக்கோடு போட்டு அரேயில் ஒரு இடத்தை மாற்றினால் மொத்த அரேயும் காப்பி ஆகும். லூப்புக்குள் அப்படிச் செய்யாதீர்கள், மாற்றங்களையெல்லாம் ஒரு லிஸ்டாகச் சேர்த்து ஒரே தடவையில் கொடுங்கள்.