'ஏஎஸ்' என்று ரிப்போர்ட் வந்தால் இரண்டு புளியங்கொட்டை எடுங்கள்

நீலகிரி கூடலூர்ப் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை எனக்கு. சிக்கிள் செல் (ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளையும் பரம்பரை நோய்) ரிப்போர்ட்டில் 'ஏஎஸ்' என்று பார்த்ததும் முகம் வாடி நிற்பவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்லிக் கொடுப்பேன்.

முதலில் எந்த டெஸ்ட் என்று பாருங்கள். டியூபில் ரத்தத்தைக் கலக்கி, டியூபுக்குப் பின்னால் உள்ள கோடுகள் தெரிகிறதா என்று பார்ப்பது சால்யுபிலிட்டி டெஸ்ட். 'ஏஎஸ்' (ஒரு அரிவாள் மரபணு) ஆனாலும் 'எஸ்எஸ்' (இரண்டுமே அரிவாள் மரபணு, அதாவது நோய்) ஆனாலும் அது கலங்கும். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோபோரசிஸ் அல்லது ஹெச்பிஎல்சி டெஸ்ட் பார்த்தால்தான் எது என்று பிரித்துச் சொல்ல முடியும். அதுவரை யாரும் அழ வேண்டாம்.

'ஏஎஸ்' தானா? தாயம் விளையாடத் தேய்ப்பது போல இரண்டு புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் கல்லில் தேய்த்துக்கொள்ளுங்கள். ஒன்று கணவனுக்கு, ஒன்று மனைவிக்கு. கறுப்பு முகம் சாதாரண மரபணு, வெள்ளை முகம் அரிவாள் மரபணு. கொட்டை ஒன்று, முகம் இரண்டு. உங்கள் உடம்பிலும் இரண்டும் இருக்கின்றன. இது நோயில்லை. பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. சொல்லப்போனால், கடும் மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பாற்றியதால்தான் இந்த மரபணு தலைமுறை தலைமுறையாகத் தங்கியது. நீலகிரிப் பழங்குடியினரிடம் இது இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952-லேயே கண்டெழுதிவிட்டார்கள்.

இருவருமே 'ஏஎஸ்' என்று வைத்துக்கொண்டு, இப்போது ஆளுக்கொரு கொட்டையைப் போடுங்கள். மேலே விழும் முகம்தான் பிள்ளைக்குப் போகும் மரபணு. இரண்டும் கறுப்பு என்றால் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை என்றால் உங்களைப் போலவே. இரண்டும் வெள்ளை என்றால்தான் நோய். நாற்பது தடவை போட்டு எழுதினால் நோய் பத்தையொட்டி வரும், உங்களைப் போன்றது இருபதையொட்டி. (தேய்த்த கொட்டை ஒரு பக்கமாகவே விழுந்து அடம்பிடித்தால் நாணயத்துக்கு மாறிவிடுங்கள்.) துணைக்கு 'ஏஏ' (இரண்டும் சாதாரண மரபணு) என்றால் அவர் கையில் தேய்க்காத கொட்டையைக் கொடுங்கள். எத்தனை தடவை போட்டாலும் இரண்டு வெள்ளை விழாது.

பலரும் தடுக்கி விழுவது அடுத்த இடத்தில். "மூணு பிள்ளை நல்லாருக்கு, அப்ப நாலாவதுக்குத்தானே வரும்?" இல்லை. "முதல் பிள்ளைக்கு வந்துடுச்சு, இனி மூணுக்கு வராதே?" அதுவும் இல்லை. போன தடவை என்ன விழுந்தது என்று கொட்டைக்கு ஞாபகம் இருக்காது. ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் நாலில் ஒன்று, புதிதாக.

ஒரு மாமியார், "எல்லாம் இவ வீட்டுலேருந்து வந்தது" என்று மருமகளைக் காட்டினார். அவர் கையில் ஒரே ஒரு கொட்டையைக் கொடுத்து, "இரண்டு வெள்ளை போடுங்கம்மா" என்றேன். கொட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மகன் பக்கம் திரும்பினார்.

இருவரும் 'ஏஎஸ்' என்றால் கர்ப்பம் உறுதியானதுமே டாக்டரிடம் சொல்லுங்கள். கருவைப் பரிசோதிக்கும் வழியை மூன்றாம் மாதத்துக்குள் பேசிவிட வேண்டும். அண்ணன், தம்பி, அக்கா, தங்கைகளையும் டெஸ்டுக்கு அனுப்புங்கள். உங்களுக்கு இது அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வந்ததுதான். அதே கொட்டையை அவர்களுக்காகவும் போட்டிருக்கிறார்கள்.